கறுப்புச் சட்டையும் கிரிக்கெட் பந்தயமும்

ராகு காலத்தில் மணமுடித்தவர் அவர். தாலி இல்லை, தட்சணை இல்லை, புரோகிதர் இல்லை. மாலை மாற்றினார்கள், ஏட்டில் கையெழுத்திட்டார்கள், வந்தவர்களுக்குக் கலர் சோடா கொடுத்தார்கள். ஆடி மாதத்தில் வீடு மாறியவர். பூனை குறுக்கே போனால், "அதற்கு என்ன அவசரமோ, பாவம்!" என்று சிரித்தபடி நடப்பவர். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத்து எந்திரத்தில் நிற்கிறார். வயது முப்பத்து மூன்று இருக்கும். தெருமுனைக் கூட்டத்தில் கால் மணி நேரம் கொடுத்தால் கணீரென்று பேசுவார். நாட்டைப் பணயம் வைத்து, தம்பியரைப் பணயம் வைத்து, கட்டிய மனைவியையும் பணயம் வைத்துத் தோற்றவனுக்கு ஊர் வைத்த பெயர் தருமன் என்று அவர் சொல்லி நிறுத்துவார்; கூட்டம் கைதட்டும். நாமும் கைதட்டியிருக்கிறோம்.

அந்தத் தோழர்தான் அன்றிரவு நம்மைத் தேடி வந்தார்.

2024 ஏப்ரல் திங்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தொண்டை கட்டி, கால் வீங்கி, தோழர்களெல்லாம் அடித்துப் போட்டது போல் தூங்கிக் கொண்டிருந்த நேரம். இரவு பதினொரு மணிக்கு, ஏட்டின் கடைசிப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்துக் கொண்டிருந்த நம் எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"அண்ணே, படிப்பகப் பணம் போயிடுச்சு."

"போய்விட்டதா? யார் எடுத்தது?"

"நான்தாண்ணே."

கிளைக் கழகத்துப் படிப்பகத்தின் கூரை மழைக்கு ஒழுகுகிறது என்று, ரசீதுப் புத்தகம் போட்டுத் திரட்டிய பணம் அது. 18,500 ரூபாய். பூக்கடை அம்மையார் கொடுத்த இருபது ரூபாய் அதிலே உண்டு. ஆட்டோ நிறுத்தத்துத் தோழர்கள் ஆளுக்கு ஐம்பதாகக் கொடுத்தது உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவன் உண்டியலை உடைத்துக் கொடுத்த சில்லறையும் உண்டு. ரசீது கிழித்துக் கொடுத்த கை எதுவோ, அதே கை அந்தப் பணத்தைக் கைப்பேசி வழியே ஒரு பந்தயத் தரகனுக்கு அனுப்பிவிட்டது. இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டம் ஒன்று. இரவு ஏழரைக்குத் தொடக்கம். பதினொரு மணிக்குள் படிப்பகத்தின் கூரை பறந்து போயிற்று.

சினம் வந்தது நமக்கு. மறைப்பானேன்? கையை ஓங்காததுதான் குறை. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் சினம் அடங்கிற்று. ஒரு வாளித் தண்ணீரில் முகம் கழுவச் சொல்லி, தேநீர் வரவழைத்து, "முதலிலிருந்து சொல், தம்பி" என்றோம். சொன்னார். விடியும் வரை சொன்னார்.

முதற் பந்தயத்தில் தோற்றிருந்தால் அவர் தப்பியிருப்பார். வென்றார், ஆகவே வீழ்ந்தார். பட்டறையில் உடன் வேலை செய்யும் ஒருவர் சொல்லி, விளையாட்டாக ஐந்நூறு ரூபாய் கட்டினார். நாலாயிரமாகத் திரும்பி வந்தது. எட்டு நாள் கால் கடுக்க நின்று, இரும்புத் தூளை மூக்கிலே வாங்கிச் சம்பாதிக்கும் பணம், ஒரு மாலைப் பொழுதில், மெத்தையிலே சாய்ந்திருந்தபடி! வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதன் முதற் குறளிலேயே தோல்வியைப் பற்றிப் பேசாமல் வெற்றியைப் பற்றிப் பேசினாரே, ஏன்? வெற்றிதான் தூண்டில் முள் என்று அறிந்தவர் அவர். மீனுக்குக் கிடைப்பது இரைதான். இழுக்கும்போதல்லவா தெரிகிறது, இரைக்குள் இரும்பு இருந்தது!

இனி நாம் சொல்லப் போவதைத் தோழர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். சிரிப்பு வரும். நமக்கும் வந்தது.

அந்த முதல் வெற்றியின்போது அவர் அணிந்திருந்தது கறுப்புச் சட்டை. கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து கழற்றாமலே ஆட்டம் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் வெள்ளைச் சட்டையில் இருந்தார், தோற்றார். அதற்கடுத்து மீண்டும் கறுப்பு; மீண்டும் வெற்றி. அவ்வளவுதான்! பந்தயம் கட்டும் நாளெல்லாம் கறுப்புச் சட்டை. துவைத்தால் ராசி போய்விடுமோ என்று துவைக்காமல் வைத்திருந்தாராம். துணைவியார் ஒருநாள் தெரியாமல் துவைத்துப் போட்டுவிட, வீட்டிலே பெரிய சண்டை.

"ராசியா? நீயா தம்பி?" என்று கேட்டோம்.

"அந்த வார்த்தையை நான் வாயால சொல்லலண்ணே. ஆனா மனசுல அதுதான் இருந்துச்சு."

ஈரோட்டுக் கிழவர் எந்தச் சட்டையை இழிவின் அடையாளமாக, எதிர்ப்பின் அடையாளமாக நமக்கு உடுத்தினாரோ, அந்தச் சட்டை தாயத்தாகிவிட்டது! மந்திரித்த கயிற்றை அறுத்தெறிந்தவன், கயிற்றுக்குப் பதில் சட்டையைக் கட்டிக் கொண்டான்.

சிரித்தோம் என்றோம். சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. அமெரிக்க நாட்டு மனநூல் அறிஞர் ஸ்கின்னர் என்பவர் 1948இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பசித்த புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தானியம் வந்து விழும்படி ஏற்பாடு செய்தார். சில நாளில் ஒரு புறா கூண்டுக்குள் வட்டமடிக்கத் தொடங்கிற்று. இன்னொன்று தலையை ஒரு மூலையை நோக்கி ஆட்டிக் கொண்டே இருந்தது. தானியம் விழுந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்து கொண்டிருந்ததோ, அதனால்தான் தானியம் வந்தது என்று நம்பியது போல் அதையே திரும்பத் திரும்பச் செய்தன. ஸ்கின்னர் அதற்கு மூடநம்பிக்கை என்றே பெயரிட்டார். கருத்துக்காகக் கொள்கை பேசலாம், கழகம் வளர்க்கலாம். நள்ளிரவில் கைப்பேசியின் முன் உட்கார்ந்துவிட்டால் நாமும் அந்தப் புறாதான்.

பந்தயக்காரனின் பெரிய மூடநம்பிக்கை சட்டையில் இல்லை. "ஐந்து முறை விட்டாயிற்று, ஆறாவது நமக்குத்தான் வரும்" என்கிறானே, அதிலே இருக்கிறது. நாணயத்துக்கு நினைவாற்றல் உண்டா? நேற்று இவனை ஏமாற்றினோமே, இன்று ஈடுகட்டுவோம் என்று அதற்கு இரக்கம் பிறக்குமா? ஐந்து முறை தலை விழுந்தபின் ஆறாம் முறை சுண்டினாலும் தலைக்கும் பூவுக்கும் பாதிக்குப் பாதிதான். சோதிடன் கட்டம் போட்டு "அடுத்த பெயர்ச்சியில் நல்ல காலம்" என்பதற்கும், இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே கோள், இங்கே பந்து.

நம் தோழர் கணக்கிலே கெட்டிக்காரர். லேத்து எந்திரத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பொருள் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும் என்று அறிந்தவர். அவரிடமே காகிதத்தைக் கொடுத்தோம். டாஸ் யாருக்கு விழும் என்ற பந்தயத்துக்கு அந்தத் தரகன் என்ன கொடுப்பான் என்று கேட்டோம். நூறு கட்டினால், வென்றால் தொண்ணூறு. தோற்றால் நூறும் போச்சு. சரி, நூறு முறை நூறு ரூபாய் கட்டு. பாதி வெல்வாய், பாதி தோற்பாய். வென்றது 4,500. தோற்றது 5,000. ராசியும் இல்லை, சதியும் இல்லை. ஆட்டம் நேர்மையாக நடந்தாலும் 500 ரூபாய் அவன் பெட்டிக்குப் போய்விடும். இவன் எவ்வளவு நேரம் ஆடுகிறானோ அவ்வளவும் அவனுக்கு வருமானம். தோழர் அந்தக் காகிதத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். "மூணு வருசமா இதை ஒரு தடவை எழுதிப் பார்க்கலண்ணே" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்லி நாம் நல்லவராகிவிட முடியாது. தேர்தல் முடிவின் மீது பந்தயம் கட்டாத கழகத் தோழர் எத்தனை பேர்? மாற்றாருடைய தொகுதியிலே நமக்குத்தான் வெற்றி என்று மீசையைப் பணயம் வைத்து, ஒருமுறை ஒரு பக்க மீசையோடு நாமே ஊருக்குள் நடந்திருக்கிறோம். அன்று ஊர் சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம். மீசை வளர்ந்துவிடும் என்பதுதான் வசதி.

இது கைப்பேசியோடு பிறந்த நோயுமல்ல. கிண்டிக்குப் போன கதைகளை வடசென்னைப் பாட்டாளிக் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். சம்பள நாளன்று ஆலைவாசலிலிருந்து நேரே குதிரைப் பந்தயத் திடலுக்குப் போய், வீட்டுக்கு வெறுங்கையோடு வந்த தாத்தா ஒருவர் பல குடும்பங்களில் உண்டு. அந்தத் திடல் யாருடைய நிலம்? அரசின் நிலம். 160 ஏக்கர் 86 சென்டு. 1945இல் 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டுக்கு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம்! குடிசைக்கு வாடகை கொடுக்க முடியாமல் பாட்டாளி தவித்த நகரத்திலே, குதிரைக்கு இந்தச் சலுகை. 1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று. வழக்குக்கு மேல் வழக்கு. கடைசியில் 1996இல் உச்சநீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது, சூதல்ல என்று தீர்ப்பளித்தது. யாருடைய திறமை? குதிரையின் திறமை, ஓட்டுபவரின் திறமை. வேலிக்கு வெளியே சீட்டைப் பிடித்துக் கொண்டு நிற்பவனுக்கு என்ன திறமை என்று நாம் கேட்டால் நீதிமன்ற அவமதிப்பாகிவிடுமோ என்னவோ! அந்தக் குத்தகை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசால் நீக்கப்பட்டது.

"நீங்கள் பரிசுச்சீட்டு விற்றவர்கள்தாமே?" என்று மாற்றார் கேட்பர். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசின் பரிசுச்சீட்டு தொடங்கியது. நல்ல பணிக்குப் பணம் திரட்டவே தொடங்கியது. ஆனால் சீட்டு வாங்கிய ஏழையின் வீட்டில் அடுப்பெரியாமல் போனதும் உண்மை. 2003இல் அம்மையார் ஆட்சியில் பரிசுச்சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. எதிர் முகாம் செய்தாலும் அது நல்ல காரியம் என்று எழுத நம் பேனா கூசவில்லை.

இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டத்தை நம் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி அனுப்பிய பிறகே ஒப்புதல் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்தது. வரவேற்கிறோம். ஆனால் நம் தோழருக்குப் பந்தயம் கட்டிக் கொடுத்தவன் செயலி அல்ல. ஒரு கைப்பேசி எண். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஓர் எண் மறைந்தால் மறுநாள் வேறோர் எண்ணிலிருந்து "அண்ணா, நலமா?" என்று அன்பு பொழிவான். கதவைச் சாத்துவது சட்டத்தின் வேலை. சாத்திய கதவைத் தட்டப் போகும் கையை என்ன செய்வது?

அன்று விடியற்காலையில் அந்தக் கையைத்தான் பிடித்தோம்.

முதலில் மொத்தத் தொகையை எழுதச் சொன்னோம். அடகு, கைமாற்று, வாரவட்டி, பட்டறை முன்பணம், படிப்பகப் பணம் எல்லாம் சேர்த்து 2,63,000 ரூபாய். எழுதும்போது இரண்டு முறை தொகையைக் குறைத்து எழுதினார். இரண்டு முறையும் திருத்தச் சொன்னோம். "பெரிசா ஒண்ணு அடிச்சா எல்லாத்தையும் அடைச்சிடலாம்னு நினைச்சேண்ணே" என்றார். அதுதான் நோயின் வேர், தோழர்களே! விட்டதைப் பிடிப்பது. இழக்க இழக்க ஆசை வளரும் என்று வள்ளுவர் அந்த அதிகாரத்தைக் கடைசிக் குறளில் முடித்திருப்பதும் இதைத்தான். "விட்டது விட்டதுதான், தம்பி. அந்தப் பணம் செத்துவிட்டது. செத்ததற்குத் திதி கொடுத்தால் திரும்பி வராது என்று மேடையிலே பேசுகிறோமே, அதையே இதற்கும் வைத்துக்கொள்" என்றோம். அப்போதுதான் அழுதார்.

பிறகு அவருடைய வீட்டுக்குப் போனோம். துணைவியார் வாசல் பெருக்கிக் கொண்டிருந்தார். தோழரால் பேச முடியவில்லை. சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது என்று நாமே சொல்லத் தொடங்கியதும் அந்த அம்மையார் குறுக்கிட்டார்.

"ஆறு மாசமா தெரியும்ணே. அவரே சொல்லட்டும்னு இருந்தேன்."

இப்படிப்பட்ட இல்லத்தரசிகளின் மௌனத்தின் மீதுதான் நம் ஆண்பிள்ளைத்தனம் ஆடிக் கொண்டிருக்கிறது.

அன்று முதல் சம்பளம் துணைவியார் கைக்குப் போயிற்று. வங்கி அட்டையும் அவரிடமே. பெரிய கைப்பேசியை விற்று, பொத்தான் அழுத்தும் சிறிய கைப்பேசி. பேருந்துக்கும் தேநீருக்கும் நாளுக்கு அறுபது ரூபாய். முப்பத்து மூன்று வயது ஆண்மகன் துணைவியிடம் கைநீட்டுவதா என்று பட்டறையில் சிலர் கேலி பேசினர். ருசிய நாட்டுப் பேரெழுத்தாளர் தாஸ்தாவ்ஸ்கியை விடவா இவர் பெரியவர்? சூதாடியைப் பற்றி 1866இல் ஒரு நாவலையே எழுதிய அந்த மேதை, எழுதிய பிறகும் ஐந்தாண்டு காலம் ஆடினார். மனைவியின் நகையும் உடையும் அடகுக்குப் போயின. 1871இல் ஜெர்மனியில் ஒரு முறை தோற்றதோடு நிறுத்தினார், நிறுத்தியது நிறுத்தியதுதான். அதன் பிறகு குடும்பத்தின் வரவுசெலவைக் கையில் எடுத்தவர் அவர் மனைவி அன்னா. கணவரின் நூல்களைத் தாமே பதிப்பித்து, விற்று, கடனை அடைத்தார். நாவல் எழுதி நிறுத்த முடியாததை, கணக்குப் புத்தகம் கைமாறிய வீட்டிலே காத்துக்கொள்ள முடிந்தது.

கடனை அடைக்க நாம் பணம் கொடுத்தோமா என்று சிலர் கேட்டனர். கொடுக்கவில்லை. கேட்ட தோழர்களையும் தடுத்தோம். பந்தயக்காரனின் கடனை ஒரே நாளில் அடைத்துவிட்டால், அவனுக்கு விளங்குவது ஒன்றே: மீண்டும் கடன் வாங்க இடம் இருக்கிறது. வாரவட்டிக்காரரிடம் மட்டும் உடன் சென்று, வட்டியை நிறுத்தித் தவணை பேசி வாங்கிக் கொடுத்தோம். மற்றதை அவரே இரண்டாம் ஷிப்ட்டு பார்த்து அடைத்தார். ஆட்டம் தொடங்கும் ஏழரை மணிக்கு எந்திரத்தின் முன் நிற்பது இருவகையில் ஆதாயம்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போனார். முதலில் மறுத்தார், "நான் என்ன கீழ்ப்பாக்கமா?" என்றார். இந்தச் சொல்லை வைத்து எத்தனை பேரை நாம் மருத்துவத்திலிருந்து விரட்டியிருக்கிறோம்! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இலேயே கட்டுக்கடங்காச் சூதாட்டத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்தது. 2013இல் குடிக்கும் போதைக்கும் அடிமையாவதோடு ஒரே வகையில் வைத்தது. காய்ச்சலுக்கு வைத்தியம் பார்ப்பது கேவலமில்லை என்றால் இதற்கும் இல்லை. நேரில் போகக் கூசுகிறவர்கள் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், கட்டணம் இல்லை.

நேர்கோட்டில் திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய்யாகும். 2024 ஜூன் 29. பார்படாஸ் தீவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்க அணிக்கு முப்பது பந்தில் முப்பது ஓட்டம் தேவை. கையில் ஆறு விக்கெட். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசி. அவரிடமே கைமாற்றாக இரண்டாயிரம். கண்ணை மூடிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் மீது கட்டினார். இந்தியா ஏழு ஓட்டத்தில் வென்றது. தெருவெல்லாம் பட்டாசு, இவர் மட்டும் மாடிப்படியில் தலையைப் பிடித்துக் கொண்டு. ஆனால் அந்த இரவிலும் ஒன்று மாறியிருந்தது. அடுத்த ஆட்டத்தில் பிடித்துவிடலாம் என்று அவர் இருக்கவில்லை. இரவோடிரவாகத் துணைவியாரை எழுப்பிச் சொன்னார். காலையில் நமக்கும் வந்து சொன்னார். முன்பு மூன்றாண்டு மறைத்தவர், இம்முறை மூன்று மணி நேரம்கூட மறைக்கவில்லை. கணக்கில் 2,000 சேர்த்து எழுதினோம்.

கிளைக் கழகக் கூட்டத்தில் அவரை நீக்க வேண்டுமென்று இருவர் பேசினர். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு, பொதுப்பணம் பொதுப்பணந்தான். படிப்பகப் பணத்தை ஐந்து தவணையில் திருப்பிச் செலுத்துவது, அதுவரை பொறுப்பு எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. பூக்கடை அம்மையாரிடமும் ஆட்டோ நிறுத்தத்திலும் அவரே போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் முடிவு. போனார். பூக்கடை அம்மையார் அவரை என்ன திட்டினார் என்பதை இந்த ஏட்டில் அச்சிட இயலாது. ஐந்தாம் தவணை கட்டிய வாரத்தில் கூரை வேலை தொடங்கியது. புதுத் தகரத்தை மேலே தூக்கிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அண்மையில் மீண்டும் கிளைக் கூட்டம். படிப்பகத்துக்கு நூல் வாங்க நிதி திரட்ட வேண்டும். செயலாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் நம் தோழரிடம் நீட்டினார். பெருந்தன்மையான செயல், சிலர் கைதட்டவும் செய்தனர். தோழர் வாங்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் தோழர். பணம் மட்டும் என் கையில வேணாம். சுவரொட்டி இருக்குதா?"

இருந்தது. பசை வாளியை எடுத்துக் கொண்டு கிளம்பினார். சட்டை வெள்ளையா கறுப்பா என்று நாம் கவனிக்கவில்லை. பசை ஒட்டிக் கிடந்தது.